பெரிய மாமாவின் நோட்டுப் புத்தகங்கள்

(நம் குடியிருப்பின் கூட்ட அரங்கில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், மழை வரும்போல இருந்தும் கீழே இறங்கி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி. வாசலில் உட்காராமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும், கடையைக் கொஞ்சம் சீக்கிரம் மூடிவிட்டு வந்த அயர்ன் கடைத் தம்பிக்கும் தனியாக ஒரு நன்றி. நீங்கள் இருவரும் இல்லாமல் இந்தக் கூட்டம் முழுமையாகாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் 'பாட்டுத் தாத்தா' என்று கூப்பிட்டவர் எனக்குப் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். போன ஆனி மாதம் தமது 87-ஆவது வயதில் காலமானார். அவர் ஒரு நாளும் பாடியது கிடையாது. குளியலறையில்கூடப் பாடமாட்டார். வீணை, வயலின் எதையும் தொட்டதில்லை. ரயில்வேயில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1996-இல் ஓய்வு பெற்றார். சங்கீதத்தில் அவருக்கு இருந்த ஒரே தகுதி, கேட்டதுதான். ஏறக்குறைய எண்பது வருடம் கேட்டார். அந்த எண்பது வருடக் கேள்வியைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. முப்பத்தேழு வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவள். அதனால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதுபோலத்தான் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். விவசாயக் குடும்பம். அந்தக் காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு கேட்க டிக்கெட் கிடையாது, சபா கிடையாது. கோயில் உற்சவம் வந்தால் சாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் வரும். விடிய விடிய நடக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை அப்படித்தான் சிறுவயதில் கேட்டதாகச் சொல்வார். ராஜரத்தினம் பிள்ளை என்றாலே தோடி ராகம் என்று சொல்லும் அளவுக்கு அவருக்குப் பெயர். 1956-இல் அவர் காலமானபோது மாமாவுக்குப் பதினெட்டு வயது. "நான் பேப்பரில் படிக்கவில்லையம்மா. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். அப்பா ஏரை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்" என்பார். ஏர் பிடித்த ஒரு மனிதருக்கும் அந்தச் செய்தி அப்படி இருந்திருக்கிறது.

1959-இல் ரயில்வே வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தார். தாம்பரத்தில் குவார்ட்டர்ஸ். நம்மில் பலருக்கு இந்தத் தாம்பரம் என்றால் ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது டிராஃபிக்கில் நிற்கும் இடம். மாமாவுக்கு அது மின்ரயில் புறப்படும் இடம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சுமார் 29 கிலோமீட்டர். ஒரு சங்கீத ரசிகருக்கு இதைவிட வசதியான பாதையை யாரும் போட்டுக் கொடுத்திருக்க முடியாது என்பார். மாம்பலத்தில் இறங்கினால் ஒரு பக்கம் அயோத்தியா மண்டபம், மறு பக்கம் தி.நகர் கிருஷ்ண கான சபா. எழும்பூரில் இறங்கிப் பஸ் பிடித்தால் மியூசிக் அகாடமி. கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம். ரயில்வே பாஸ் இருந்ததால் போக்குவரத்துச் செலவும் இல்லை.

என் அப்பாவும் அம்மாவும் ஊரிலேயே இருந்தார்கள். நான் 1978-இல் குரோம்பேட்டை வைஷ்ணவ மகளிர் கல்லூரியில் பி.காம். சேர்ந்தபோது மாமா வீட்டில் தங்கித்தான் படித்தேன். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை. என்னை அவர்கள் மகளாகவே வைத்துக்கொண்டார்கள். வங்கித் தேர்வுக்கு என்னை உட்கார வைத்ததும் மாமாதான். "கணக்கு தெரிந்தவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கையெழுத்து வேண்டும்" என்று அப்பாவிடம் வாதாடினார். கையெழுத்து என்று அவர் சொன்னது சம்பளப் பட்டியலில் போடும் கையெழுத்தை.

இப்போது நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன்.

மாமா போன பிறகு அவருடைய பீரோவைத் திறந்தபோது நீள வாக்கில் கட்டுப்போட்ட நான்கு நோட்டுகள் கிடைத்தன. கணக்குப் பிரிவு ஆள் இல்லையா, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பத்தி பிரித்திருக்கிறார். தேதி, இடம், பாடியவர், பக்கவாத்தியம், பெரிய ராகம், செலவு. சென்னைக்கு வந்த வருடத்திலிருந்து கேட்ட கச்சேரி ஒன்று விடாமல் பதிவு. 'பெரிய ராகம்' என்றால் அன்றைய கச்சேரியில் விரிவாகப் பாடிய ராகம். செலவுப் பத்தியில் பெரும்பாலும் காபிதான் இருக்கிறது. கோயில் கச்சேரிகளும், டிசம்பர் சீசனில் சபாக்களின் மதியக் கச்சேரிகளும் இலவசம். சாயங்கால டிக்கெட் கச்சேரிக்கு வருடத்துக்கு இரண்டு மூன்றுதான் போயிருக்கிறார்.

படித்தால் கண்ணைக் கட்டும் பெயர்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், செம்மங்குடி, எம்.எஸ்., பட்டம்மாள், எம்.எல்.வி., லால்குடி ஜெயராமன், பாலக்காடு மணி ஐயர். சீர்காழி கோவிந்தராஜனின் தமிழிசைக் கச்சேரிகள் மட்டும் ஒரு பக்கம் முழுக்க. ஜி.என்.பி. 1965-இலும், அரியக்குடி 1967-இலும், மதுரை மணி ஐயர் 1968-இலும் போய்விட்டார்கள். மாமா சென்னைக்கு வந்த முதல் பத்து வருடத்துக்குள் அந்தத் தலைமுறை கண்ணெதிரே முடிந்திருக்கிறது. அந்தத் தேதிகளில் நோட்டில் கச்சேரி இல்லை. பெயரை மட்டும் எழுதி அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது அந்தப் பெயர்களைப் பற்றி இல்லை. கடைசிப் பத்தியைப் பற்றி. அதன் தலைப்பு: 'உடன் வந்தவர்'.

கச்சேரி குறிப்பு எழுதும் ரசிகர்கள் நிறையப் பேர் உண்டு. ஆலாபனை எப்படி, தனி ஆவர்த்தனம் எவ்வளவு நேரம் என்றெல்லாம் எழுதுவார்கள். மாமா அபிப்பிராயம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. யாருடன் உட்கார்ந்து கேட்டார் என்பதை மட்டும் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். 'ஆபீஸ் டெஸ்பாட்ச் கிளார்க்', 'எதிர் வீட்டு கார்டு', 'கேன்டீன் நாயர்', 'ரயிலில் பழகியவர்'. பெரும்பாலான வரிகளில் ஒரே சொல்தான்: 'வீட்டில்'. அந்தக் காலத்து ஆண்கள் மனைவி பெயரைச் சொல்லமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 'வீட்டில்' என்றால் எங்கள் அத்தை.

1978 டிசம்பரிலிருந்து இன்னொரு சொல் சேர்கிறது: 'குழந்தை'. அது நான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பேங்கில் சேர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் நோட்டில் நான் 'குழந்தை'தான்.

அத்தைக்கும் எனக்கும் ஆரம்பத்தில் ராகம் எதுவும் தெரியாது. மாமா பாடம் நடத்தமாட்டார். ஒரு ராகம் தொடங்கியதும் காதருகே வந்து ஒரு சினிமாப் பாட்டைச் சொல்வார், அவ்வளவுதான். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் சேர்ந்து வருமே, அந்தப் பாட்டு தெரிந்த எல்லோருக்கும் ஆபேரி ராகம் தெரியும் என்பார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துப் போவது அவர் வழி. தலையை ஆட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. தூக்கம் வந்தால் தூங்கலாம். "நல்ல சங்கீதத்தில் தூங்குவதற்கும் கொடுத்து வைக்க வேண்டும்" என்பார்.

கச்சேரி இல்லாத நாட்களில் ரேடியோ. சென்னை வானொலி நிலையம் 1938-இல் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ளத் தபால் ஆபீஸில் வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்த காலம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மாமாவின் லைசென்ஸ் புத்தகம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமை இரவு ஆகாசவாணியின் தேசிய சங்கீத நிகழ்ச்சி வரும். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் ரேடியோ இருந்தது மாமா வீட்டில்தான். ஜன்னல் கதவைத் திறந்து ரேடியோவை வெளிப்பக்கம் திருப்பி வைப்பார். அக்கம்பக்கத்தார் திண்ணையில் பாய் போட்டு உட்கார்ந்து கேட்பார்கள். ஹிந்துஸ்தானி வந்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். புரிகிறதோ இல்லையோ, அத்தையின் சுக்குக் காபி புரியும்.

பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது. ரேடியோவிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள் மட்டும் 62 இருக்கின்றன. ஒவ்வொன்றின் அட்டையிலும் பாடியவர், தேதி, யார் வீட்டில் இருந்தார்கள் என்று குறித்திருக்கிறார். சிலவற்றில் பாட்டுக்கு நடுவே குக்கர் விசில் கேட்கிறது. ஒன்றில் அத்தை யாரிடமோ "மெதுவாப் பேசுங்க, பதிவாயிடும்" என்று சொல்வது பதிவாகியிருக்கிறது. அத்தையின் குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

2004 மாமாவுக்குக் கஷ்டமான வருடம். தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் அந்த வருடம் நின்றது. டிசம்பர் 11 அன்று எம்.எஸ். காலமானார். நோட்டில் இரண்டுக்கும் கோடு போட்டிருக்கிறார். ரயிலுக்குப் பக்கத்தில், உடன் வந்தவர் பத்தியில் 'எல்லோரும்' என்று இருக்கிறது.

2016-இல் அத்தை தவறினார். அதற்குப் பிறகு நோட்டில் வரிகள் குறைகின்றன. கச்சேரிக்குப் போயிருக்கிறார். உடன் வந்தவர் பத்தியில் ஒரு சின்னக் கோடு. அடுத்த வருடம் அவரை இங்கே, நம் பி பிளாக்குக்கு, எங்களுடன் அழைத்து வந்துவிட்டோம்.

இங்கே வந்த புதிதில் உங்களில் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் விளையாட்டுப் பூங்கா பக்கத்து பெஞ்சில் சின்ன புளூடூத் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு உட்காருவார். முதலில் தனியாக. பிறகு செக்யூரிட்டி அண்ணன் ரவுண்ட்ஸ் வரும்போது இரண்டு நிமிடம் நிற்க ஆரம்பித்தார். அயர்ன் கடைத் தம்பிக்குச் சீர்காழியின் பக்திப் பாடல்கள் நிறையத் தெரியும் என்று கண்டுபிடித்தார். சி பிளாக் பிள்ளைகள் ஊஞ்சலில் இருந்து இறங்கி வந்து "தாத்தா, இது என்ன ராகம்?" என்று கேட்க, அவர் பதிலுக்கு ஒரு சினிமாப் பாட்டைச் சொல்ல, பிள்ளைகள் உடனே அதைப் பாடிக் காட்டும். அந்த வாரங்களில் நோட்டில் மறுபடியும் பெயர்கள் வருகின்றன: 'செக்யூரிட்டி', 'அயர்ன் தம்பி', 'ஊஞ்சல் குழந்தைகள்'.

வாட்ஸ்அப் குழுவில் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று ஒரு புகார் வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நியாயமான புகார். மாமா அதைக் கொஞ்சமும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒலி மாசு விதிகள் 2000-த்தை என்னை விட்டுப் படிக்கச் சொன்னார். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. "சட்டம் 55 கொடுக்கிறது. குழந்தை தூங்குகிற வீட்டுக்கு 55 ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வாட்டர் டேங்க் பக்கம் போய்விட்டார். அடுத்த மாதம் அந்தக் குழந்தையின் அம்மாவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நின்றதையும் நோட்டில் குறித்திருக்கிறார்.

கொரோனா வந்தது. பெஞ்சு நின்றது. அதற்குப் பிறகு மாமா கேட்பதையே நிறுத்திவிட்டார். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் குடியிருப்பில் பெரியவர்கள் இருக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு இது உதவும்.

வயதாகிவிட்டது, அத்தையும் இல்லை, ஆர்வம் போயிருக்கும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவரும் "போதுமம்மா, கேட்டது போதும்" என்றார். காதுக் கருவி ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்தார். அதைப் போட்டால் பேச்சு நன்றாகக் கேட்டது. ஆனால் பாட்டு போட்டால் முகம் சுளித்துக்கொண்டு கருவியைக் கழற்றிவிடுவார். ஒரு நாள் என் பேரன்தான் நேரடியாகக் கேட்டான்: "தாத்தா, பாட்டு பிடிக்கலையா, இல்லை பாட்டு சரியாக் கேட்கலையா?" மாமா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பூரா வருது, போகுது. புல்லாங்குழல் நடுங்குது. சுதி சேராமல் எல்லோரும் பாடுகிற மாதிரி இருக்கு. அதைக் கேட்கிறதுக்குக் கேட்காமலே இருக்கலாம்."

அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டு காது பரிசோதனை செய்யும் ஆடியாலஜிஸ்டிடம் போனோம். அவர் கேட்டதும் புரிந்துகொண்டார். அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள். 'ச', 'ஸ', 'த', 'க' போன்ற எழுத்துகள் தேய்ந்துவிடும், 'ஆ', 'ஓ' போன்றவை நிற்கும். அதனால்தான் பெரியவர்கள் "சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னு புரியலை" என்கிறார்கள். சங்கீதத்தில் தம்பூராவின் ரீங்காரம், வயலினின் பளபளப்பு, மிருதங்கத்தின் வலந்தலைத் தெறிப்பு ஆகியவை அந்த மேல் பகுதியில்தான் இருக்கின்றன. அவை முதலில் மங்கும்.

காதுக் கருவி என்பது பேச்சைக் கேட்பதற்காக வடிவமைத்த சாதனம். ஃபேன் சத்தம், ஏ.சி. சத்தம் போல ஒரே சீராக வரும் ஒலியை 'இரைச்சல்' என்று எண்ணித் தானாகவே குறைத்துவிடும். தம்பூராவும் ஒரே சீராகத்தான் ஒலிக்கிறது. பாவம், கருவிக்கு ஃபேனும் தம்பூராவும் ஒன்று. அதேபோல, கருவி 'கீ' என்று விசிலடிக்காமல் இருக்க ஒரு ஏற்பாடு உள்ளே உண்டு. புல்லாங்குழல் மாதிரி நீளமாக வரும் தூய ஸ்வரத்தை அது விசில் என்று நினைத்து அழுத்தப் பார்க்கும். அப்போது ஸ்வரம் நடுங்கும். மாமா சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. எண்பது வருடம் கேட்ட காது, கருவியின் குறையைச் சரியாகச் சொல்லிவிட்டது.

தீர்வு சுலபமாக இருந்தது. பல டிஜிட்டல் கருவிகளில் 'மியூசிக் புரோகிராம்' என்று ஒன்று வைக்கலாம். அதில் இந்த இரண்டு வேலைகளையும் குறைத்தோ நிறுத்தியோ வைப்பார்கள். பெரிய சத்தமும் சின்னச் சத்தமும் அதனதன் அளவில் இயல்பாக வர விடுவார்கள். பேச்சுக்கு ஒரு பட்டன், பாட்டுக்கு ஒரு பட்டன். கருவியை விற்ற கடையில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புதுக் கருவி வாங்கவில்லை, பழைய கருவியிலேயே அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். இளமைக் காது திரும்பி வரவில்லைதான். ஆனால் சுதி சேர்ந்தது.

உங்கள் வீட்டிலும் பாட்டையோ, டி.வி.யையோ, அரட்டையையோ திடீரென்று விட்டுவிட்ட பெரியவர் இருந்தால், 'வயசாயிடுச்சு' என்று முடிவு கட்டுவதற்கு முன் காதைப் பரிசோதியுங்கள். அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் பார்க்கிறார்கள். இது பாட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. முதுமையில் வரும் மறதி நோய்க்கு, நாம் தடுக்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் பதினான்கைப் பட்டியலிட்டது. காது மந்தத்தைக் கவனிக்காமல் விடுவது அதில் ஒன்று. பேச்சு புரியாதவர் மெல்ல மெல்லக் கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறார். ஒதுங்கியவரிடம் நாமும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம்.

கருவி சரியான பிறகு வந்த தை மாதம், திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை. காவிரிக் கரையில் எல்லா வித்வான்களும் சேர்ந்து உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் ஐந்து பெரிய கீர்த்தனைகள். காலையில் நேரடி ஒலிபரப்பு. மாமா காலை ஏழு மணிக்கே குளித்து, வேட்டி மாற்றி, மியூசிக் பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு சமையல் வேலை, மகனுக்கு ஆபீஸ். "யாரும் வரலையா?" என்று கேட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சி பிளாக்கிலிருந்து, முன்பு ஊஞ்சல் குழந்தையாக இருந்து இப்போது கல்லூரிக்குப் போகும் பெண் வந்தாள். கேட்டில் ஆள் மாற்றிவிட்டு செக்யூரிட்டி அண்ணன் வந்தார். ஆரபி வரும்போது மாமா கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "காபி குடிச்சீங்களா எல்லாரும்?" என்றார்.

நோட்டில் அதுதான் கடைசி வரி. கை நடுங்கிய எழுத்து. இடம்: 'திருவையாறு (வீட்டிலிருந்து)'. உடன் வந்தவர் பத்தியில் எங்கள் நால்வரையும் எழுதியிருக்கிறார். நாலாவது பெயர், வழக்கம்போல, 'வீட்டில்'. அத்தை போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

நண்பர்களே, நான் வியாபாரக் கணக்கு படித்தவள். ஒரு பேரேட்டை முடித்தால் இருப்பை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மாமாவின் இருப்பை எங்கே கொண்டுபோவது என்று யோசித்துத்தான் சங்கத்திடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை முதல் ஆறரை வரை இந்தக் கூட்ட அரங்கை ஒரு மணி நேரம் கொடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, அளவான சத்தத்தில், சேர்ந்து உட்கார்ந்து பாட்டு கேட்கலாம். கர்நாடக சங்கீதம்தான் என்று இல்லை. ஒரு மாதம் எம்.கே.டி., ஒரு மாதம் டி.எம்.எஸ்., ஒரு மாதம் இளையராஜா, ஒரு மாதம் உங்கள் ஊர் நாட்டுப்புறப் பாட்டு. சொற்பொழிவு கிடையாது, நிதி வசூல் கிடையாது. சுக்குக் காபி எங்கள் வீட்டிலிருந்து வரும். நாற்காலி பிடித்து உட்கார வைக்க வேண்டிய பெரியவர்களை அவரவர் பிளாக்கிலிருந்து இளைஞர்கள் கை கொடுத்து அழைத்து வர வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம். ஆளுக்கொரு ஹெட்போன் இருக்கும் காலத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. உடன் உட்கார ஆள்தான் இல்லை.

இரண்டாவது, பழைய கேசட்டுகள். பலர் வீட்டுப் பரணில் இருக்கும். ஈரம் பட்டால் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அப்படிப்பட்டதை நேராகப் பிளேயரில் போடாதீர்கள், ஹெட்டும் கெட்டுவிடும், மற்ற கேசட்டுக்கும் பரவும். நன்றாக இருப்பவற்றை ஸ்பீக்கர், காந்தம் இவற்றிலிருந்து தள்ளி, உலர்ந்த இடத்தில் செங்குத்தாக அடுக்கி வையுங்கள். பிளேயரின் அவுட்புட்டை ஒரு வயர் போட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்தால் பதிவு செய்துகொள்ளலாம். 90 நிமிடக் கேசட் ஒன்று சி.டி. தரத்தில் ஏறக்குறைய 900 எம்.பி. வரும். கேசட் ஓடும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை. என் பேரன் மாமாவின் 62-இல் இதுவரை 19 முடித்திருக்கிறான். யாருக்கு வேண்டுமானாலும் செய்து தருவதாகச் சொல்கிறான். அவரவர் வீட்டில் கேட்பதற்கு மட்டும், இணையத்தில் ஏற்றுவதற்கு இல்லை. பாடியவர்களின் உரிமை என்று ஒன்று இருக்கிறது. அப்படிச் செய்யும்போது பாட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பேச்சுச் சத்தத்தை அழித்துவிடாதீர்கள். அதில் உங்கள் வீட்டுக் குரல்களும் இருக்கலாம்.

மூன்றாவது, சங்கத்தின் செலவில் வருடத்துக்கு ஒரு நாள் காது பரிசோதனை முகாம். கண் முகாமும் சர்க்கரை முகாமும் நாம் நடத்துகிறோம். காதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் சனிக்கிழமைக்கு வருகிறவர்களுக்காக வாசலில் ஒரு புது நோட்டு வைக்கப் போகிறேன். மாமாவின் அதே பத்திகள்தான், செலவுப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன். வருகிறவர்கள் கடைசிப் பத்தியில் யாரோடு வந்தீர்கள் என்று எழுதுங்கள். தனியாக வந்தால் கோடு போடாதீர்கள். பக்கத்து நாற்காலியில் யார் இருக்கிறார்களோ, அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

 வெளியே காபி தயாராக இருக்கிறது. குடிக்காமல் யாரும் போகக் கூடாது. மாமா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.